பதிமூன்றாம் கல்

எங்கள் குப்பத்துச் சுடுகாட்டைப் படம் எடுத்துப்போக வெளிநாட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னால், இப்போது நான் குடியிருக்கும் ராஜகீழ்ப்பாக்கம் அடுக்ககத்தில் யாரும் நம்புவதில்லை. எதிர்வீட்டு அக்கா ஒருமுறை, "சுடுகாட்டுல போட்டோ எடுக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். கல் இருக்கிறது என்றேன். எல்லாச் சுடுகாட்டிலும்தான் கல் இருக்கிறது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க்காரர்களும் முதலில் அதையேதான் சொன்னார்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சவுக்குத் தோப்புக்குள் இறங்கும் மண்பாதை கடலைத் தொடுகிற இடத்தில் எங்கள் குப்பம். பாதைக்கு இடது பக்கம் வீடுகள். வலது பக்கம், சற்றுத் தள்ளி, சுடுகாடு. எங்கள் ஆட்கள் புதைப்பவர்கள்தான், ஆனாலும் எங்கள் வாயில் அது சுடுகாடுதான். அந்தப் பெரிய அலை வந்துபோய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அது எங்களிடமிருந்து வீடுகளையும் படகுகளையும் வாரிக்கொண்டு ஆட்களை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. அதன்பின் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நின்றன. எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

சித்தப்பா அந்த வீட்டில் இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. புயல் இல்லை, மழை இல்லை, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை விடியலில் அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு கூட்டாளி ஒருவரோடு கடலுக்குப் போனார். அன்று போயிருக்க வேண்டியவர் அப்பா. அவருக்குக் காய்ச்சல். படகு கவிழ்ந்துவிட்டது. கூட்டாளி ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து, மறுநாள் வேறொரு படகில் வந்து சேர்ந்தார். சித்தப்பா வரவில்லை. இருபது படகுகள் ஒரு வாரம் தேடின. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

சித்திக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். குழந்தை கிடையாது. இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பதினைந்தாம் நாள் காலை குளித்து, எப்போதும்போல் பொட்டு வைத்து, பூ வைத்து, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சிட்லபாக்கம் போய்விட்டாள். ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் அவளுக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. ஊர் அவளிடம் எதிர்பார்த்த எதையும் அவள் செய்யவில்லை. யாராவது ஜாடையாகக் கேட்டால் ஒரே பதில்தான்.

"வருவாருன்னு நான் சொல்லல. செத்தாருன்னு நீ பார்த்தியா?"



அவளைக் கேட்க முடியாததையெல்லாம் ஊர் அப்பாவைக் கேட்டது. அண்ணன் அவர், செய்ய வேண்டிய காரியத்தைச் செய்ய வேண்டியவர். அப்பாவோ சித்தியிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். எங்கள் பக்கத்தில் மூத்தாரும் தம்பி பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. முன்பு இந்த வழக்கத்தைச் சித்தப்பா நடுவில் இருந்து சமாளித்தார். அவருக்குப் பின் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. பத்தடி தூரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இருவர் காதிலும் எல்லாம் ஏற்கெனவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் பதில் வரும்.

இப்படி இருக்கையில்தான் சவுக்குத் தோப்பை யாரோ ஒரு பெரிய மனிதர் வாங்கி பங்களா கட்ட ஆரம்பித்தார். சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோடு நேராகச் சுடுகாட்டுப் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கடல் வரை போயிற்று. மறுநாள் எங்கள் பெண்கள் மீன் கூடைகளோடு மணல் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் சித்தி.

மூன்றாம் நாள் ஒரு கார் வந்தது. நீளமான நரைமுடியும் கதர் சட்டையும் தோளில் துணிப்பையுமாக ஒருவர் இறங்கினார். செருப்பைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்து, பெண்களுக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பங்களாவுக்குப் படம் வரைந்தவர் அவர்தான். பிற்பாடு எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், அவர் வரைந்த கட்டடங்களைப் பார்ப்பதற்காகவே ஜனங்கள் விமானம் ஏறிப் போகிறார்கள், அவர் படம் போடாத பத்திரிகை இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னார். எங்கள் ஊரில் அவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. "டிராயிங் சாரு" என்று பெயர் வைத்தார்கள். அதோடு சரி.

டிராயிங் சார் பெண்கள் பேசியதையெல்லாம் கேட்டார். பிறகு ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டார். சுவர் பாதைக்கு இந்தப் பக்கமே வளைந்து திரும்பிக்கொண்டது. இவ்வளவுதானா என்பதுபோல் சித்தி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் எழவில்லை. "இந்தப் பாதை எங்கே போகுது, நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

பெண்கள் அவரை அழைத்துப்போனார்கள். அன்று சனிக்கிழமை, நானும் பின்னாலேயே ஓடினேன். மணல் மேடுகளைக் காட்டி, இது இன்னார் மாமியார், இது இன்னார் குழந்தை, இது முறுக்குக் கிழவி என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றிலும் நின்று நின்று நடந்தார். கடைசியில், "வாலிபப் பசங்க அதிகம் இல்லையே" என்றார், நல்ல சேதி கேட்டவர் போல.

கூட வந்தவள் கடலைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அவங்களுக்கு எடம் அங்க சார். தேடிக் கெடைச்சா இங்க கொணாந்து வெப்போம். கெடைக்காட்டி அங்கியேதான்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சித்தி மட்டும் சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து சேதி வந்தது. கடல் திருப்பித் தராதவர்களுக்காக அந்தச் சுடுகாட்டில் ஒரு நினைவிடம் அமைத்துத் தருகிறேன், எனக்கு அவர்கள் பெயர்கள் மட்டும் வேண்டும் என்று.

ஊர்த்தலைவர் குதித்துக் கொண்டாடினார். அவர் மனசில் ஒரு வளைவு இருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு டால்பின், நடுவில் சூரியன், சுற்றி சீரியல் பல்பு. அவருடைய சம்பந்தி ஊரில் சிங்கம் வைத்த வளைவு ஒன்று உண்டாம். அதைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்க வேண்டும். ஆனால் வலை கட்டுகிற கொட்டகையில் டிராயிங் சார் விரித்துக் காட்டிய படத்தில் வளைவும் இல்லை, டால்பினும் இல்லை. முழங்கால் உயரத்தில் சில கற்கள், பிறை மாதிரி வளைந்து கடலைப் பார்த்து நின்றன. ஒரு கல்லுக்கு ஒரு பெயர். அவ்வளவே.



"இன்னாபா இது, மைல் கல்லாட்டம் கீது?" என்றார் ஒருவர்.

"தாம்பரம் இருபத்தஞ்சுன்னு எழுதிடப் போறாங்க" என்றார் இன்னொருவர்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் டிராயிங் சார்தான். சிரித்து முடித்து, "முழங்கால் உயரம் போதும். அப்பத்தான் வந்தவங்க பக்கத்துல உட்காரலாம், மேல கை வைக்கலாம். அண்ணாந்து பார்க்கற மாதிரி கட்டினா யாரும் தொட மாட்டாங்க" என்றார். தலைவருக்குப் பாதிதான் சமாதானம். வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் வரும் என்று சாரின் உதவியாளரான ஒரு அக்கா சொன்ன பிறகு மீதியும் ஆனது.

பெயர்ப் பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா வாங்கியிருந்தேன். அந்தப் புகழ் கடற்கரை முழுக்கப் பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்தேன். யார் முதலில் போனது என்ற கணக்கில் பெரியவர்கள் ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். ஐந்தாவது ஆளை எல்லோரும் 'சொறா' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய நிஜப் பெயர் அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கையை ஆள் அனுப்பி வரவழைத்துக் கேட்டார்கள். அந்த அம்மாளும் வெகுநேரம் யோசித்துத்தான் சொன்னாள்.

பன்னிரண்டு பெயர் ஆனது. பதிமூன்றாவது சித்தப்பா. அவருக்குப் பிறகு போன ஐப்பசியில் இன்னொருவர் போயிருந்தார், அவர் பதினாலு. பதிமூன்று என்று எண் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"எழுது" என்றார் அப்பா.

கொட்டகைக்கு வெளியே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சித்தியின் குரல் வந்தது. "ஏ பொண்ணு, உங்க சித்தப்பா பேர அதுல எழுதின, அப்புறம் என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க சித்திகிட்ட சொல்லு. கல்லுல பேர் வெட்டினதால ஆளு செத்துட மாட்டான்."

"உங்கப்பாகிட்ட கேளு. அப்ப இன்னாத்துக்கு வெட்டணும்?"

"ஊரு மூஞ்சில நான் முழிக்க வேணாமான்னு கேளு."

"ஊரு மூஞ்சில நான் தெனம் முழிச்சிகினுதான் கீறேன்னு சொல்லு."

நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். முதல் இரண்டுக்குச் சிரிப்பு எழுந்தது. கடைசி இரண்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமி, இது வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது, திங்கட்கிழமை காலை அந்த உதவியாளர் அக்கா வரும்போது பட்டியல் முழுசாகக் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

வீட்டுக்குள் யாரும் எதையும் பேசவில்லை. திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் அப்பா கடலுக்குக் கிளம்பும்போது என்னைத் தட்டி எழுப்பி, "எழுதிடு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். ஏழு மணிக்குச் சித்தியிடம் தலை பின்னிக்கொள்ளப் போனேன். தினமும் அவள்தான் எனக்குப் பின்னிவிடுவாள். அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை; ஆனால் இழுத்த இழுப்பில் என் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிக்கொண்டன. அதையும் நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் போய் நின்றேன். "என்னைக் கேக்காத தாயே" என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே கார் ஹாரன் கேட்டது. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் எண்ணை மட்டும் போட்டு இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள், நேரம் இருந்தால் திரும்பி வரலாம் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் 13-க்கு நேரே இடத்தை விட்டேன். 14-ல் அடுத்த பெயரை அழகாக எழுதினேன். தாளைக் கொடுக்கும்போது, "அக்கா, ஒண்ணு பாக்கி கீது" என்று சொல்லத்தான் செய்தேன். அந்த அக்கா போனில் பேசிக்கொண்டே தலையாட்டிவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம் என் வாழ்க்கையிலேயே வசதியான மாதம். நான் எழுதிவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டார். எழுதவில்லை என்று சித்தி நினைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அப்பா மை பேனா ஒன்று வாங்கிக்கொடுத்தார். சித்தி கூடையில் மிஞ்சிய இறாலை எனக்கென்று தனியாக வறுத்துக் கொடுத்தாள். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தலைவர் வந்து, கல் எல்லாம் தயார், எழுத்துப் பிழை பார்த்துவிட வேண்டும், எழுதிய பிள்ளையையே கூட்டிக்கொண்டு பல்லாவரம் போய்வா என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா யாரிடமோ பைக் இரவல் வாங்கினார். பெரும்பாக்கம், மேடவாக்கம் எல்லாம் தாண்டிப் போனோம். வழக்கமாக பைக்கில் போனால் நான் வாய் மூடமாட்டேன். அன்று வழி முழுக்க அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கல் பட்டறையில் எல்லாமே ஒரே நிறம். மரம், தகரக் கூரை, அங்கே வேலை செய்கிறவர்களின் கண்ணிமை, எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத் தூள். சமையல் மேடைக்கு அறுத்த பலகைகளுக்குப் பக்கத்தில் எங்கள் கற்கள் வரிசையாகப் படுத்திருந்தன. நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அப்பா தலையாட்டினார். சொறாவின் நிஜப் பெயரைக் கல்லில் பார்த்தபோது அது யாரோ ஒரு பெரிய அதிகாரியின் பெயர் மாதிரி இருந்தது. பன்னிரண்டு முடிந்தது. அடுத்த கல் மொழுமொழுவென்று கிடந்தது.

நான் நின்றுவிட்டேன்.

"அதான் நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றார் பட்டறை மேஸ்திரி. "லிஸ்டுல பதிமூணு நம்பர் கீது, பேர் இல்ல. ஆபீசுல கேட்டேன், ஊருக்காரங்களையே கேட்டுக்கோன்னுட்டாங்க. இன்னா பேருன்னு சொல்லுங்க. அரை மணி நேர வேலை, இருந்து பார்த்துட்டே போயிடலாம்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி ஒரு சாக்பீஸை நீட்டினார். "எழுதிக் காட்டுங்க. அதுமேலயே வெட்டிடறேன்."

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லின் மேலிருந்த தூளை ஊதினார். சித்தப்பா பெயரின் முதல் எழுத்தை எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல, பெரிதாக, மெதுவாக எழுதினார். அடுத்த எழுத்துக்குக் கையைக் கொண்டுபோனவர் அப்படியே இருந்தார். பக்கத்துக் கொட்டகையில் கல் அறுக்கும் மிஷின் கிரீச்சிட்டுக்கொண்டு ஒரு பலகையை அறுத்து முடித்து ஓய்ந்தது. அப்பா உள்ளங்கையால் அந்த எழுத்தைத் துடைத்தார். சரியாகப் போகவில்லை என்று துண்டை எடுத்து மறுபடியும் துடைத்தார்.

"இது இப்படியே வரட்டும்" என்றார்.

"பேர் இல்லாமலா?"

"அதான் சொல்றேன்ல."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். எனக்கு என்ன தெரியும்? நான் அடுத்த கல்லின் பெயரைச் சத்தமாக வாசித்தேன். பிழை இல்லை.

திரும்பும் வழியில் அப்பா என்னைக் கடையில் உட்காரவைத்துப் பரோட்டா வாங்கிக்கொடுத்தார். கல்லைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "சால்னா இன்னும் வேணுமா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்கு ஒரே குழப்பம். இருந்தாலும், பெரியவர்கள் விஷயம் ஒருவழியாக நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

கல் நடுகிற அன்று ஊரே சுடுகாட்டில் இருந்தது. யாரும் கடலுக்குப் போகவில்லை. லாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, முன்பே தோண்டி வைத்திருந்த குழிகளில் நிறுத்தினார்கள். அந்தந்த வீட்டுப் பெண்கள் அந்தந்தக் கல்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அழுகைச் சத்தம் எழுந்து அடங்கிக்கொண்டே வந்தது. சொறாவின் தங்கை கல்லை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தாள். பதிமூன்றாவது கல்லை நிறுத்தியதும் கூட்டத்தில் முணுமுணுப்பு.

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னா இது? யாரு பார்த்த வேலை இது? எழுதுன்னு சொன்னேனா இல்லியா உன்கிட்ட?"

அவர் என்னைத்தான் கேட்கிறார் என்று புரியவே எனக்கு நேரமாயிற்று. "அப்பா, அன்னிக்கு நீதான..." என்று வாயைத் திறந்தேன். மணலுக்குள் என் பாதத்தின் மேல் அவருடைய பாதம் வந்து அழுத்தியது. வலிக்கவில்லை. ஆனால் எடுக்கவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் விடாமல் கத்தினார். ஒரு பேர் எழுதத் துப்பில்லை, படிக்கிறாளாம் படிப்பு, இனிமேல் நான் ஊருக்கு என்ன பதில் சொல்லுவேன் என்று என்னைப் பார்த்துக் கத்தினார், கடலைப் பார்த்துக் கத்தினார், ஒன்றும் அறியாத லாரி டிரைவரைப் பார்த்தும் கத்தினார். சித்தி நின்றிருந்த பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். தலைவருக்கே பாவமாகிவிட்டது.

"வுடுப்பா, கொழந்த. அதுக்கு இன்னா தெரியும்? கல்லைத் திருப்பி அனுப்பிப் பேர் போட்டு வாங்கிக்கலாம்."

"அதெல்லாம் வேணாம்" என்றார் அப்பா, சட்டென்று குரல் இறங்கி. "நட்டது நட்டதாவே இருக்கட்டும்."

அவருடைய பெருந்தன்மையை மெச்சிச் சிலர் தலையாட்டினார்கள்.

டிராயிங் சார் கொஞ்சம் தாமதமாக வந்தார். வழக்கம்போல் செருப்பு இல்லை. பிறையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். பதிமூன்றில் கை நின்றது. குனிந்து பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

சித்தி முன்னால் வந்தாள். அன்றும் பொட்டும் பூவுமாகத்தான் இருந்தாள்.

"என் வூட்டுக்காரருக்கு."

"பேர் என்னம்மா?"

"அவரே வந்து சொல்வாரு."

டிராயிங் சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "சரிம்மா" என்றார். பிறகு உதவியாளர் அக்காவைப் பார்த்து, இந்தக் கல்லை யாரும் எந்தக் காலத்திலும் தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னதாக, கூட்டத்தில் இருந்த எங்கள் டீச்சர் பிற்பாடு மொழிபெயர்த்தார்.

அந்தக் கற்கள் பேர் வாங்கிய கதை தனி. பத்திரிகைகள் வந்தன. உள்ளதிலேயே பெரிய படம் பதிமூன்றாம் கல்லுக்குத்தான். பெயரில்லாத அந்த ஒரு கல்தான் மொத்த வடிவமைப்பின் உயிர், இனிமேல் கடல் கொள்ளப்போகிறவர்களுக்கான காத்திருப்பு, சொல்லாமல் விடுவதில் இருக்கிற மேதைமை என்றெல்லாம் எழுதினார்கள். டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். சொல்லாமல் விட்டது நான்தான் என்று எழுந்து சொல்ல எனக்கு நாக்கு துருதுருத்தது. யார் நம்புவார்கள்? டிராயிங் சார் ஒரு பேட்டியில், அது என் யோசனை அல்ல, அந்த ஊரின் யோசனை என்று சொல்லியிருந்தாராம்; அவருடைய அடக்கத்தையும் பாராட்டி இரண்டு பத்தி எழுதியிருந்தார்கள்.

அதன்பிறகு கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் வர ஆரம்பித்தார்கள். பதிமூன்றாம் கல்லின் முன்னால் கண்ணை மூடி உட்காருவார்கள். சித்தி வியாபாரம் முடிந்து வருகிறவள் காலிக் கூடையை அந்தக் கல்லின் மேல் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். ஒரு பெண் பதறிப்போய், "அக்கா, ப்ளீஸ், அது மேல வைக்காதீங்க" என்றாள். "இன்னா கண்ணு, எங்க வூட்டுக் கல்லும்மா இது" என்று சித்தி அவளுக்கும் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாள் சித்தி எங்கள் அடுக்ககத்துக்கு மீன் கொண்டுவருகிறாள். பெரிய படங்கள் போட்ட புத்தகம் ஒன்றில் அவள் கூடையும் இருக்கிறது. காட்டினேன். கூடை பழசு என்று வருத்தப்பட்டாள்.

ஆனால் கல் நட்ட அன்று எனக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. ஊர் முன்னால் செய்யாத குற்றத்துக்கு வசவு வாங்கிய கோபம்தான் இருந்தது. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்து உண்மையைச் சொல்லுவார், மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. பசிதான் வந்தது.

வீட்டுக்குப் போனபோது சித்தி வீட்டில் மீன் வறுக்கும் வாசனை. முந்தின நாளே விற்கக் கொண்டுபோகாமல் ஒரு வஞ்சிரத்தை எடுத்து வைத்திருந்தாள். அப்பா எங்கள் வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு, தைக்காமல் உட்கார்ந்திருந்தார். சித்தி கதவருகே வந்து நின்றாள். வழக்கம்போல என்னைப் பார்த்துச் சொல்லப்போகிறாள் என்று நான் தபாலுக்குத் தயாரானேன்.

"சோறு ஆறிப்போவுது. வந்து சாப்புடுங்க" என்றாள், அப்பாவைப் பார்த்து.

அப்பா வலையைக் கீழே வைத்தார். எழுந்து, கை கால் கழுவி, சித்தப்பா போனதிலிருந்து மிதிக்காத அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சித்தி அவர் இலையில் நடுத்துண்டை வைத்தாள். அவர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என்னைத் திட்டிய மனுஷருக்கு நடுத்துண்டா? சித்தி எனக்குச் சோறு போட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சித்தி, நான் பேர் எழுதாம விட்டது நெஜம்தான். ஆனா பட்டறையில அந்த ஆளு கேட்டாரு. அப்பாதான் இப்படியே இருக்கட்டும்னு சொன்னாரு. அவரே சொல்லிட்டு அவரே திட்டறாரு."

"தெரியும்" என்றாள் சித்தி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. பட்டறையில் அன்று அப்பாவையும் என்னையும் மேஸ்திரியையும் தவிர யாரும் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த மேஸ்திரி சித்தியிடம் மீன் வாங்குகிறவராக இருக்க வேண்டும், அவர்தான் சொல்லியிருப்பார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, வஞ்சிரத் துண்டின் ஓரத்தில் முறுகலாக இருந்ததைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தேன்.